குதிகால் நரம்பின் மூன்று நாள் கணக்கு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடிகாலை நடக்க வருகிறவர்களிடம் கால் வலியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பார்கள். நம் ஊரில் ஊசி போடுகிற இடமும் நரம்பு, கால் மரத்துப்போனாலும் நரம்பு, குதிகாலுக்கு மேலே பின்பக்கம் கயிறு மாதிரி விரலுக்குத் தட்டுப்படுவதும் நரம்புதான். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. எனக்கென்னவோ அந்த மூன்றாவது நரம்பில் தப்பே தெரியவில்லை. யாழில் இழுத்துக் கட்டிய தந்திக்கு நரம்பு என்றுதானே பெயர். பாடப்புத்தகம் அதைத் தசைநாண் என்கிறது, நாண் என்றால் வில்லில் பூட்டும் கயிறு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: தசை இழுக்கிற இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இந்தக் கயிற்றுக்குள் உடற்பயிற்சி என்ன செய்கிறது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு வலிதான் காரணம். டூப்ளே சிலையில் தொடங்கி வண்டிகளை விடுவதற்குள் நாலு சுற்று என்று இருந்தவன், ஒரு மார்கழியில் காற்று நன்றாக இருக்கிறதே என்று ஒரே மாதத்தில் எட்டுச் சுற்றாக்கினேன். குதிநாண் வீங்கிக்கொண்டது. காண்பித்த இடத்தில் ஆறு வாரம் முழு ஓய்வு என்றார்கள், நானும் சமர்த்தாக இருந்தேன், வலி போயே போச்சு. ஏழாவது வாரம் பழையபடி எட்டுச் சுற்று. நாலாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே அது திரும்பி வந்துவிட்டது. ஆறு வாரம் சும்மா கிடந்தும் ஏன் ஆறவில்லை? அதுதான் என் கேள்வி.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். தசைநாணில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரை எடுத்துவிட்டால் மீதி எடையில் 60 முதல் 85 சதவீதம் வரை கொலாஜன் என்கிற புரதம், அதிலும் பெரும்பகுதி முதல் வகைக் கொலாஜன். அதன் வடிவம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான், முப்புரிக் கயிறு. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்கும், ஏனென்றால் முறுக்கின் நடுப்பக்கத்தில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை.

இந்த முப்புரியைக் கண்டுபிடித்துச் சொன்னது நம் பக்கத்து ஊர் என்பது பலருக்குத் தெரியாது. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களை வைத்து அந்த வடிவத்தை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் படமெடுத்தது எதை என்கிறீர்கள்? கங்காருவின் வால் நாண். கொலாஜன் நல்ல ஒழுங்கோடு அடுக்கியிருக்கும் பொருளாக அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கு இந்த முப்புரியின் பெயரையே, டிரிபிள் ஹீலிக்ஸ் என்று, வைத்திருக்கிறார்கள். தோலும் கொலாஜன்தானே.

சரி, இந்தக் கயிற்றைத் திரிப்பது யார்? நாணுக்குள்ளேயே இழைகளுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும் செல்கள். தசையோடு ஒப்பிட்டால் நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு, அது செலவழிக்கும் ஆக்சிஜனும் குறைவு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நாண் இழுபடும்போது இந்தச் செல்களும் இழுபடுகின்றன, அவை தம்மைச் சுற்றியுள்ள கொலாஜனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிகள் வழியாக அந்த இழுப்பு உள்ளே தெரிகிறது, உடனே வளர்ச்சிக் காரணிகள் சுரந்து கொலாஜன் உற்பத்தி தொடங்குகிறது. செல் முதலில் செய்து வெளியே தள்ளுவது இரண்டு முனையிலும் வால் தொங்கும் ஒரு முன்வடிவம். வெளியே வந்ததும் என்சைம்கள் அந்த வால்களை நறுக்கிவிடும், அப்புறம்தான் அது மற்றவற்றோடு அடுக்கிக்கொண்டு நுண்ணிழையாகும். கயிறு திரிக்கிறவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே கிடக்கும் நறுக்கிய முனைகளை எண்ணினாலே அன்றைக்கு எத்தனை கயிறு திரித்தார் என்று சொல்லிவிடலாம் இல்லையா? விஞ்ஞானிகள் செய்ததும் அதேதான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிஸ்பெபியர் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்னிங் லாங்பெர்க், மைக்கேல் கியர் குழுவினர் 1999இல் சில ஓட்டக்காரர்களை 36 கிலோமீட்டர் ஓட வைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் தொட்டுவிட்டு ஏறக்குறைய பாதி வழி திரும்பி வருகிற தூரம் அது. குதிநாணை ஒட்டி மெல்லிய குழாயைச் செருகி, அங்கே ஊறும் திரவத்தில் நறுக்கிய வால்களை அளந்தார்கள். ஓடி முடித்த கையோடு அளந்தபோது அளவு ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியே இருந்தது. மூன்று நாள் கழித்து, 72 மணி நேரத்தில் அளந்தால் வெகுவாக ஏறியிருந்தது. ஓடினவர் ஓட்டத்தையே மறந்து வேறு வேலையில் இருக்கும்போதுதான் நாண் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறது.

அதே ஊர்க் குழு 2005இல் வேறு வழியில் போனது. ஒரு காலை மட்டும் ஒரு மணி நேரம் உதைக்க வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் நாணிலிருந்து துளி எடுத்து, புதுக் கொலாஜன் எவ்வளவு சேருகிறது என்று நேரடியாகவே பார்த்தார்கள். 6 மணி நேரத்திலேயே உற்பத்தி ஏறியிருந்தது, 24 மணி நேரத்தில் உச்சம், ஓய்வு நிலையைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு, அப்புறம் மெல்ல இறங்கி மூன்றாம் நாள் வரை நீண்டது.

உற்பத்தி ஏறுகிறதே, அப்படியென்றால் தினமும் ஓடினால் தினமும் லாபம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் கணக்கின் இன்னொரு பக்கம் வருகிறது. பயிற்சி கொலாஜனைச் சிதைக்கும் வேலையையும் சேர்த்தே கிளப்பிவிடுகிறது, அது முந்திக்கொள்கிறது. பீட்டர் மேக்னுசன், லாங்பெர்க், கியர் மூவரும் 2010இல் வரைந்து காட்டிய படத்தின்படி, பலமான பயிற்சிக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை நிகரக் கணக்கு நஷ்டம். அதற்குப் பிறகு 72 மணி நேரம் வரை லாபம். நஷ்ட நேரத்துக்குள்ளேயே அடுத்த ஓட்டம், அதற்குள் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் நாண் லாபப் பக்கத்துக்கு வரவே முடியாது. கடனை அடைக்கும் முன்னால் மறுகடன் வாங்குகிற கதை. ஒரே மாதத்தில் எட்டுச் சுற்றாக்கிய என் குதிகாலுக்கு நடந்தது அதுதான் என்று இதைப் படித்தபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவனை 2013இல் வெளியான ஒரு கட்டுரை கலைத்துப்போட்டது. காத்யா ஹைனமையர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த வேலை. 1955க்கும் 1963க்கும் நடுவே வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துத் தள்ளிய அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. காற்றில் இருப்பது செடிக்கு, செடியிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நம் உடம்புக்கு. ஆகவே உடம்பின் ஒரு துண்டில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் அந்தத் துண்டு எந்த வருடம் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம், பத்திரத்தில் முத்திரை குத்தின தேதி மாதிரி. 1945க்கும் 1983க்கும் இடையில் பிறந்த 28 பேரின் குதிநாண் நடுப்பகுதியை அப்படிப் பார்த்தார்கள். நாணில் இருந்த தேதி அவர்களுடைய பிள்ளைப் பருவத்தின் தேதி. சுமார் 17 வயதுக்குப் பிறகு நடுப்பகுதி புதுப்பிக்கப்பட்டதற்கான அடையாளமே இல்லை. ஒப்பிடுவதற்காகப் பார்த்த தசையிலோ சமீபத்திய கார்பன், அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை முந்தின கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2005 ஆய்வில் ஓய்வு நிலையிலேயே மணிக்கு 0.045 சதவீதம் என்ற அளவில் கொலாஜன் உருவாவதாக வந்திருந்தது. நாளுக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இப்படியே போனால் நூறு நாளுக்குள் நாண் முழுக்கப் புதிதாகியிருக்க வேண்டும்! இன்னொரு பக்கம், பள்ளிக்கூடம் முடித்த வயதில் இருந்த அதே கயிறுதான் கடைசி வரை என்கிறது கார்பன். இரண்டும் நல்ல அளவீடுகள், இரண்டும் ஒரே நகரத்து ஆட்கள் கைபட்டவை. எது சரி?

இரண்டும் சரி என்பதுதான் இப்போது வலுத்து வரும் பதில். நாண் ஒரே சீரான பொருள் இல்லை. மான்செஸ்டரில் கார்ல் கேட்லரின் குழு 2020இல் எலி வாலின் நாண்களில் காட்டியது இது: தடித்த நுண்ணிழைகள் நிரந்தரமாக நிற்கின்றன, அவற்றுக்கிடையே மெல்லிய நுண்ணிழைகள் நாளுக்கு நாள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, அதுவும் உடம்பின் இருபத்துநாலு மணிக் கடிகாரத்துக்கு ஏற்றபடி. தேர்வடம் ஒன்றுதான், அதன்மேல் சுற்றும் சணலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தேய்மானத்தை அந்த மெல்லிசுகள் வாங்கிக்கொண்டு தடித்தவற்றைக் காப்பாற்றுகின்றன என்பது அவர்கள் கருத்து. செய்யப்படுகிற கொலாஜன் எல்லாமே கயிற்றில் சேர்ந்து நிற்பதும் இல்லை. செய்ததில் ஒரு பங்கு அங்கேயே சிதைக்கப்பட்டும் விடும். நறுக்கிய வால்களை எண்ணினால் வேலை நடந்தது தெரியும், எவ்வளவு நின்றது என்பது தெரியாது.

"கொலாஜன் பெருகும்" என்று புட்டியில் அச்சடித்து விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அப்படியானால் பதினேழு வயதுக்கு மேல் பயிற்சியால் நாணுக்கு ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும், நன்றாகவே ஆகும். பாட்மின்டன், வாள்வீச்சு ஆடுகிறவர்களுக்கு எப்போதும் முன்னே வைத்துப் பாயும் காலின் முழங்கால் நாண் மற்ற காலைவிடத் தடிமனாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, சுமை மட்டும் வேறு. எந்தச் சுமை என்பதற்கு ஜெர்மனியில் அரம்பட்சிஸின் குழு 2007இல் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரின் ஒரு காலுக்கு அவருடைய முழு பலத்தில் 55 சதவீதம், மறு காலுக்கு 90 சதவீதம், 14 வாரம். கூடுதல் சுமை தாங்கிய காலின் குதிநாண்தான் விறைப்பும் தடிமனும் கூடியது. இலேசான சுமையை நாண் சட்டை செய்யவே இல்லை. கடற்கரைச் சாலையில் பேசிக்கொண்டே நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, ஆனால் நாணின் காதில் அது விழுவதில்லை.

தேவனாம்பட்டினம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஈர மணலில் குழியாகும் அளவுக்கு ஊன்றி, ஒரு அடி பின்னால், நிறுத்தம், இன்னொரு அடி. கெண்டைக்கால் கல்லாக நிற்கும். சுமை பெரிது, வேகம் கிடையாது, குதிப்பு கிடையாது. வலி வந்த நாணுக்கு இன்று எழுதிக் கொடுக்கும் பயிற்சியும் கிட்டத்தட்ட இந்தச் சாயலில்தான் இருக்கிறது: கனமாக, மெதுவாக. ஒருமுறை வரிசையிலிருந்து கழன்று பீடி பற்றவைத்த பெரியவர் ஒருவரிடம், "கால் வலிக்காதா அண்ணே?" என்று கேட்டேன். "இழுக்கிற அன்னிக்கு என்ன வலி தம்பி? பத்து நாள் சும்மா குந்திட்டு அப்புறம் வந்து இழுத்தாதான் உயிர் போவும்" என்றார். என் ஆறு வாரக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் சொன்னதற்கு ஆய்வகத்தில் சாட்சி உண்டு. ஆட்களை 90 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களின் கெண்டைக்கால் நாணின் விறைப்பு 58 சதவீதம் விழுந்துபோனது. சும்மா இருந்தால் வலி அடங்கும், கூடவே நாணும் தொய்ந்துவிடும். தொய்ந்த நாணின் மேல் பழைய எட்டுச் சுற்றை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல நானே போதும்.

ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட குதிகால் இறக்கப் பயிற்சி இதில் பெரிய திருப்பம். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம், வலி கொஞ்சம் இருந்தாலும் விடாமல். ரொம்ப நாளாக ஆறாத வலியோடு வந்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 2015இல் டென்மார்க்கில் அதை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்கிற கனமான, மெதுவான பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று நாள்தான் தோது. இடையில் விழும் இடைவெளி மேலே சொன்ன லாப நேரத்தோடு பொருந்திப்போகிறது என்பது எனக்கு ஒரு திருப்தி.

ஆட்டுக்கால் சூப்புக்கு வருவோம், வராமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். எலும்பையும் நாணையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாகிறது. ஆறிய சூப்பு கொழகொழவென்று உறைவது அதனால்தான். அதைக் குடித்தால் அப்படியே போய்க் குதிகாலில் ஒட்டிக்கொள்ளாது, வயிறு அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ஆனால் துண்டுகளுக்கும் பயன் இருக்கலாம். 2017இல் கீத் பார் என்பவரின் கலிபோர்னியக் குழு எட்டு ஆண்களுக்கு 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு கலந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாண்ட வைத்தது. ரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியின் அடையாளம் இரட்டிப்பானது. எட்டுப் பேர்தான், ரத்தத்தில் வந்தது எலும்பிலிருந்தும் வந்திருக்கலாம், ஆகவே துள்ள வேண்டாம். ஆனால் கவனிக்க வேண்டியது நேரத்தை. நாம் ஓடி முடித்துவிட்டு சாயங்காலம் சூப்பு குடிக்கிறோம், அவர்கள் பயிற்சிக்கு முன்னால் கொடுத்தார்கள். வைட்டமின் சி இல்லாமல் முப்புரி ஒழுங்காக முறுக்கேறாது. பழைய பாய்மரக் கப்பல் மாலுமிகளுக்கு ஈறு அழுகியது இதனால்தான். சூப்பில் அது கிடைக்காது, நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் தாராளம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2011இல் அதே கோபன்ஹேகன் ஆட்கள் மறுபடியும் 36 கிலோமீட்டர் ஓட வைத்து, ஒரு பிரிவுக்கு இண்டோமெதசின் என்ற வீக்க வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு வழக்கம்போல் கொலாஜன் உற்பத்தி ஏறியது, போட்டவர்களுக்கு ஏறவில்லை. ஓட்டத்துக்கு முன்பே "முன்ஜாக்கிரதையாக" ஒன்றைப் போட்டுக்கொண்டு வருகிற நண்பர்கள் இதை யோசிக்கட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் நாண் அறுந்துபோகும் அபாயத்தோடு வருவது என்று அமெரிக்க மருந்துத் துறை 2008இலேயே தன் கடுமையான எச்சரிக்கையை அச்சடிக்கச் சொன்னது. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். சர்க்கரை நோய் இருந்தால் கூடுதல் நிதானம் வேண்டும். ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை கொலாஜன் இழைகளை வேண்டாத இடத்திலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன ஓட்டம், உதைப்பு, கயிறு தாண்டல் எல்லாம் ஆண்களை வைத்துச் செய்தவை. 2007இல் பெண்களை அளந்தபோது பயிற்சிக்குப் பிந்தைய ஏற்றம் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது, ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்குண்டு என்கிறார்கள். அதனால் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது, சுமையைக் கூட்டுகிற வேகத்தை இன்னும் நிதானமாக வைக்கலாம், அவ்வளவுதான்.

நான் இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் மாடிப்படியில் நிற்கிறேன். முதுகில் ஒரு பை, பைக்குள் பத்துக் கிலோ அரிசி. மூன்று எண்ணி ஏற்றம், மூன்று எண்ணி இறக்கம், முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள், சுற்று ஐந்து. அளவு கூடிவிட்டதா என்று ஓடும்போது பார்ப்பதில்லை, மறுநாள் காலை கட்டிலிலிருந்து குளியலறை வரை போகிற அந்தப் பத்தடியில் பார்க்கிறேன். நொண்டினால் அந்த வாரம் சுற்று நாலு.